பையோடு கடைக்குப் போனேன்

மகனுக்கு லேப்டாப் வாங்கியபோது திரையைத்தான் பார்த்தேன். 15.6 அங்குலம், எண்களுக்குத் தனி வரிசையுள்ள கீபோர்டு, கேம் ஆட கிராபிக்ஸ் கார்டு. பெரிசாக இருந்தால்தான் கொடுத்த காசுக்குத் தகும் என்று ஒரு நினைப்பு. முதல் செமஸ்டர் லீவில் வெறுங்கையோடு வந்து நின்றான். "அதை யாருப்பா தூக்கிட்டு வர்றது?"

அடுத்த லீவில் கொண்டுவந்தான். பழைய பேப்பர்காரரின் கொக்கித் தராசில் மாட்டிப் பார்த்தோம். லேப்டாப் 2.3 கிலோ. செங்கல் மாதிரி ஒரு சார்ஜர், அது தனியாக 600 கிராம். அப்புறம் நான்கு வருஷமும் அது ஹாஸ்டல் மேசையை விட்டு அசையவில்லை.

மகள் பி.காம் சேர்ந்தாள். தினமும் இரண்டு பஸ் மாற வேண்டும். இந்தத் தடவை அவளுடைய காலேஜ் பையையே ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனோம், நோட்டு, டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில் சகிதம். "பை நாங்களே ஃப்ரீயா தருவோம் சார்" என்றார் கடைக்காரர்.

முதலில் 11 அங்குலம் ஒன்றைக் காட்டினார். ஒரு கிலோதான், விலையும் கம்மி. மகள் நாலு வரி அடித்துப் பார்த்தாள். விரல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. சேமிப்பு 64 ஜிபி. விண்டோஸ் 11 குறைந்தபட்சமாகக் கேட்பதே அவ்வளவுதான்! என் தங்கை மகன் அப்படி ஒன்றை வாங்கிவிட்டு, அப்டேட் வரும்போதெல்லாம் எதை அழிப்பது என்று தேடிக்கொண்டிருக்கிறான். அடுத்துக் காட்டிய குரோம்புக் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பி.காம்காரிக்கு டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் வேண்டும், அது விண்டோஸில் ஓடுவது, குரோம்புக்கில் விண்டோஸ் கிடையாது. எந்தப் படிப்புக்கு எந்த சாஃப்ட்வேர் என்று சீனியர்களிடம் கேட்டுவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

கடைசியில் 14 அங்குலம், 1.4 கிலோ. சார்ஜரோடு பைக்குள் வைத்தாள், ஜிப் மூடியது. தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே நாலு நடை நடந்தாள். "ஓகேப்பா."

அதோடு விடவில்லை. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திறந்தோம். விலை குறைந்த திரைகளுக்கு வெளிச்சம் 250 நிட்ஸ் என்று போட்டிருப்பார்கள். பகல் வெளிச்சத்தில் எழுத்தைவிட நம் முகம்தான் நன்றாகத் தெரியும். இது பரவாயில்லை. பேட்டரி பத்து மணி நேரம் நிற்கும் என்றார் கடைக்காரர். நான் பெட்டியில் வாட் ஹவரைத் தேடினேன்: 50. சாதாரண வேலைக்கு மணிக்கு 8 வாட் ஹவர் போனால் ஆறு மணி நேரம். காலேஜுக்கு அது போதும்.

இரண்டு விஷயத்தை வாய் விட்டுக் கேட்க வேண்டியிருந்தது. டைப்-சி ஓட்டை இருப்பதாலேயே அதில் சார்ஜ் ஏறும் என்றில்லை. சிலதில் டேட்டா மட்டும்தான். இதில் ஏறுகிறது, போனுக்கும் அதே சார்ஜர். இன்னொன்று ராம். மெலிந்த லேப்டாப் பலவற்றில் ராமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள், பிறகு கூட்ட வழியில்லை. அதனால் கூடுதல் காசு போனாலும் போகட்டும் என்று 8 ஜிபியை விட்டு 16 எடுத்தேன். அன்றைக்கு நான் பேரம் பேசாமல் கொடுத்த ஒரே பணம் அது.

இப்போது லீவுக்கு வந்தால் மகன் தங்கையின் லேப்டாப்பைத்தான் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறான். அவனுடையது டிவி ஸ்டாண்டில் இருக்கிறது, படம் பார்க்க.