விசில் பிடிக்க வரும் பிள்ளைகளுக்கு

ஊரில் நெடுங்காலமாக ஹாக்கி ஆட்டங்களை நடத்திக்கொடுத்த அம்பயர் அண்ணாச்சிக்கு மரியாதை செய்யப்போகிறோம், ரெண்டு வார்த்தை எழுதிக்கொடுங்கள் என்று கேட்டீர்கள். சால்வை போடுங்கள், கேடயம் கொடுங்கள், நல்ல காரியம். மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியச் சட்டை போட்டு ஆடியதைக் கோவில்பட்டியே சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறது. சின்ன வயதில் அவர்கள் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்திலும் விசிலோடு இரண்டு பேர் வெயிலில் ஓடியிருப்பார்கள். அந்த அம்பயர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது, அந்த இடத்துக்கு ஆள் வேண்டும். ஆகவே, வாழ்த்துரைக்குப் பதில், அந்த வேலைக்கு வரப்போகும் பிள்ளைகளுக்கே எழுதுகிறேன்.

1. விதிப் புத்தகத்தை வருடா வருடம் புதிதாகப் படியுங்கள். நாங்கள் ஆடியது 35 நிமிடம் வீதம் இரண்டு பாதி. இப்போது 15 நிமிடம் வீதம் நான்கு கால். ஆஃப்சைடு 90களிலேயே போய்விட்டது. ஃப்ரீ ஹிட்டைத் தானே தட்டி எடுத்துக்கொண்டு ஓடலாம் என்பது 2009இல் வந்தது. வெளியே நிற்கும் பழைய ஆட்டக்காரர் பழைய விதியைச் சொல்லிக் கத்துவார். அவர் வயதுக்கு மரியாதை கொடுங்கள், விசிலை மட்டும் இன்றைய விதிக்கு அடியுங்கள்.

2. ஓடுங்கள். தூரத்தில் நின்று கொடுக்கும் முடிவு சரியாகவே இருந்தாலும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். பக்கத்தில் நின்று தவறாகக் கொடுத்தால்கூடப் பொறுத்துப்போவார்கள்.

3. மைதானத்தை ஆட்டத்துக்கு முன்னால் ஒரு சுற்று நடந்து பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். நம்மூர் கிருஷ்ணா நகர் மைதானத்தில் செயற்கை இழைத் தரை இருக்கிறது. நனைத்த தரையில் பந்து வழுக்கிக்கொண்டு போகும், நீங்கள் முன்கூட்டியே கிளம்பியாக வேண்டும். சுற்றுப்பட்டிப் பள்ளிக்கூட மைதானங்கள் அப்படியில்லை. மேலே சரள் கொட்டியிருந்தாலும் அடியில் கரிசல். கோடையில் வெடிப்பு விடும், ஒரு மழைக்குக் காலை இழுக்கும். உருண்டு வரும் பந்து வெடிப்பு விளிம்பில் பட்டால் சட்டென்று எழும்பும். 5 மீட்டருக்குள் நிற்கும் பையனை நோக்கி எழும்பினால் அது ஆபத்தான பந்து. அடித்தவன் வேண்டுமென்றே தூக்கவில்லை, தரைதான் தூக்கியது என்பார்கள், உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் விசில் அடியுங்கள். ஹாக்கிப் பந்து 160 கிராம் கெட்டிப் பொருள். நம் பிள்ளைகளில் பலரிடம் முழங்கால் கவசம்கூடக் கிடையாது.

4. பெனால்டி கார்னரில் அவசரமே கூடாது. கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளிப் பந்து வைத்திருக்கிறதா, தடுப்பவர் ஐந்து பேரும் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கை காட்டுங்கள். பந்து வட்டத்தை விட்டு வெளியே போய்த்தான் திரும்ப வர வேண்டும். முதல் அடி ஓங்கி அடித்ததாக இருந்தால் கோல் கோட்டைத் தாண்டும்போது 46 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, அதாவது கோலின் பின்பலகை உயரம். இழுத்துச் சுழற்றும் டிராக் ஃப்ளிக்குக்கு அந்த உயரக் கட்டு இல்லை. நம் ஊரில் பாதிச் சண்டை இந்த ஒரு விஷயத்தில்தான் வருகிறது.

5. ஃபவுல் நடந்ததும் விசிலை ஊதிவிடாதீர்கள். பாதிக்கப்பட்ட அணியிடமே பந்து இருந்து, அது முன்னேறிப் போகிறதென்றால் விடுங்கள். விசில் பஸ் ஹாரன் மாதிரி விடாமல் ஒலித்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

6. பச்சை அட்டைக்கு 2 நிமிடம், மஞ்சளுக்குக் குறைந்தது 5, சிவப்புக்கு ஆட்டம் முடியும்வரை வெளியே. அட்டைக்கு முன்னால், பேச்சில் அடங்குகிற பையனா என்று பாருங்கள். பெரும்பாலும் அடங்குவான்.

7. கூட இருக்கும் அம்பயரை விட்டுக்கொடுக்காதீர்கள். அவர் பக்கத்து வட்டத்தில் அவர் முடிவே முதல் முடிவு.

8. சொந்தக்காரப் பிள்ளை ஆடும் ஆட்டத்தை மறுத்துவிடுங்கள். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்கு வெளியூர் அணிகள் வருகிற ஊர் இது. ஒரு ஆட்டத்தில் சாய்ந்தால் அந்தப் பேச்சு ரயில் ஏறி எல்லா ஊருக்கும் போய்விடும். சாயாமல் நின்றால் நல்ல பேரும் அப்படியே தூரம் போகும். பெங்களூர் அம்பயர் ரகு பிரசாத் லண்டன், ரியோ, டோக்கியோ என்று ஒலிம்பிக் மைதானங்களில் விசில் பிடித்தார். நம் ஆள் ஒருவரும் அங்கே நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

9. இது போட்டி நடத்துகிறவர்களுக்கு. அம்பயருக்கு நிழலில் ஒரு நாற்காலி, குடிக்கத் தண்ணீர், பேசிய பணம் அன்றைக்கே கையில். கூட்டத்தில் ஒருவன் வாய்க்கு வந்தபடி பேசினால் நீங்கள் போய் அடக்குங்கள். அந்த வேலையை அம்பயர் தலையில் கட்டாதீர்கள். அண்ணாச்சிக்குச் சால்வை போடும் அன்றைக்கே மேடைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். விசில் பிடிக்க விருப்பமுள்ள பிள்ளைகள், பெண் பிள்ளைகளும் சேர்த்து, அதில் பெயர் எழுதட்டும். விதி சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன்.