பேசிக் எவ்வளவு என்று கேட்டீர்களா?

"கம்பெனி நம்ம ஊர்க்காரரோடது. அவங்க வச்சதுதான் ரூல்."

துபாய்க்குக் கிளம்புகிறவர்கள் வாயில் அடிக்கடி வரும் பேச்சு இது. முதலாளி கீழக்கரைக்காரராகவே இருக்கட்டும். வேலை நடப்பது அமீரகத்தில், செல்லுபடியாவது அந்த நாட்டுத் தொழிலாளர் சட்டம். 2022 பிப்ரவரி 2 முதல் நடப்பில் உள்ள அந்தச் சட்டம் தரும் உரிமைகள் குறைந்தபட்சமானவை. கம்பெனி அதற்கு மேல் எவ்வளவும் தரலாம், அதற்குக் கீழே இறங்க முடியாது. தகராறு என்று வந்தால், ஏஜென்ட் வாயால் சொன்ன கணக்கு நிற்காது; அங்குள்ள மனிதவள அமைச்சகத்தில் பதிவான ஒப்பந்தம்தான் பேசும். வீட்டு டிரைவர், சமையல்காரர் போன்றவர்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது.

"நாமளா வேலையை விட்டா கிராஜுவிட்டி போச்சு."

1980ஆம் ஆண்டுச் சட்டம் விட்டுச்சென்ற பயம். அப்போது ராஜினாமா செய்தவருக்குக் கிராஜுவிட்டி குறைந்தது, சில ஒப்பந்தங்களில் இல்லாமலே போனது. புதிய சட்டத்தில் அந்த வெட்டு கிடையாது. ஒரு வருடம் முடித்திருந்தால் போதும்: முதல் ஐந்து வருடங்களுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதன்பின் ஆண்டுக்கு 30 நாள்.

எந்தச் சம்பளம் என்பதில்தான் சூட்சுமம். கணக்குப் போடுவது மொத்தச் சம்பளத்தில் அல்ல, பேசிக்கில். இரண்டு பேருக்கும் மாதம் 3,000 திர்ஹம் என்று வையுங்கள். ஒருவருக்குப் பேசிக் 2,000, மீதி அலவன்ஸ். இன்னொருவருக்குப் பேசிக் 1,000, மீதி அலவன்ஸ். மாதா மாதம் ஊருக்கு அனுப்பும்போது வித்தியாசமே தெரியாது. ஐந்து வருடம் கழித்து 105 நாள் சம்பளம் கணக்காகும்போது முதலாமவர் கைக்கு 7,000 திர்ஹம், இரண்டாமவருக்கு 3,500. ஓவர்டைமும் இதே கதைதான்: பேசிக் கணக்கில் வரும் மணிக்கூலிக்கு மேல் 25 சதவீதம், ஷிப்ட் முறையில் இல்லாதவர்களுக்கு இரவு 10 முதல் காலை 4 வரை 50 சதவீதம். ஆகவே "சம்பளம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவது பாதிக் கேள்வி கேட்டதற்குச் சமம். கம்பெனிகளுக்கு இது நன்றாகத் தெரியும். நமக்குத்தான் கேட்கக் கூச்சம்.

வேலை முடிந்த 14 நாளுக்குள் பாக்கியெல்லாம் வந்துவிட வேண்டும். பணம் வரும் முன்பே "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளை நீட்டினால் பேனாவை எடுக்காதீர்கள்.

"பாஸ்போர்ட் கம்பெனி லாக்கர்ல இருக்கிறதுதான் முறை."

முறையல்ல, வழக்கம். தொழிலாளியின் ஆவணங்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. 'பத்திரத்துக்காக' என்பார்கள். கேட்ட அன்றே திருப்பித் தராத பத்திரம் என்ன பத்திரமோ!

"விசாவுக்குச் செலவு பண்ணியிருக்காங்க, பாதியில விட்டா கட்டணும்."

ஆளெடுக்கும் செலவை நேராகவோ சுற்றி வளைத்தோ தொழிலாளியிடம் வசூலிக்கத் தடை இருக்கிறது. சோதனைக் காலம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. அதற்குள் அமீரகத்திலேயே வேறு கம்பெனிக்கு மாறுவதென்றால் ஒரு மாத நோட்டீஸ். அந்தச் செலவைப் பழைய கம்பெனிக்கு ஈடுகட்ட வேண்டியது புதிய கம்பெனி. ஊருக்கே திரும்புவதென்றால் 14 நாள் நோட்டீஸ்.

"50 டிகிரி தொட்டா வேலையை நிறுத்தணும். அதனாலதான் 49ன்னே சொல்றாங்க."

வளைகுடாவில் கோடைதோறும் கிளம்பும் கதை. அமீரகத்தில் விதி வெப்பமானியைப் பார்ப்பதில்லை, காலண்டரையும் கடிகாரத்தையும்தான் பார்க்கிறது: ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை, திறந்த வெயிலில் வேலை கூடாது. 45 டிகிரியோ 38 டிகிரியோ, அந்த நேரம் அந்த நேரம்தான். கத்தாரில் இரண்டும் உண்டு. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை வெயில் வேலைக்குத் தடை. அதோடு 2021இல் இன்னொரு விதியும் வந்தது: காற்றின் ஈரம், வெயில் எல்லாம் சேர்த்து அளக்கும் வெப்பக் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். இது செய்தியில் சொல்லும் டிகிரி அல்ல, குழப்பம் இங்கேதான்.

"விசிட்ல போய் வேலையில சேர்ந்துட்டு அப்புறம் மாத்திக்கலாம்."

விசிட் விசாவில் போய் வேலை தேடலாம். பெர்மிட் வரும் முன் ஒரு நாள் வேலை செய்தாலும் சட்டமீறல். பெர்மிட் இல்லாத ஆளை வேலைக்கு வைத்தால் கம்பெனிக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று 2024இல் உயர்த்தினார்கள். மாட்டினால் அபராதம் முதலாளிக்கு, விமான டிக்கெட் தொழிலாளிக்கு. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் இந்தப் பாதையில் போனால் ஊரிலேயே இன்னொன்றையும் இழக்கிறார்கள். குடிபெயர்வு அனுமதி பெற்று முறையாகப் போகிறவருக்கு மட்டுமே பிரவாசி பாரதிய பீமா யோஜனா: 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு. இரண்டு வருடத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய்.