சாரம் சரிந்தால் பொறுப்பு யாருக்கு?

சொந்த வீடு என்பது நம்மில் பலருக்கு வாழ்நாள் ஆசை. ஆலிமை அழைத்துத் துஆ ஓதி அடிக்கல் நடுகிறோம். குடிபுகும் நாளில் நெய்ச்சோறு ஆக்கி உறவினரை அழைக்கிறோம். இடையில் சுவர் எழும்பும் மாதங்களில், சாரத்தின் மேல் நிற்கும் மனிதரை நாம் எண்ணிப் பார்க்கிறோமா?

நாம் அறிந்த ஒரு வீட்டில் வெளிப்பூச்சு வேலை நடந்தது. சாரத்துச் சவுக்குக் கம்பு முறிந்து கொத்தனார் விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. கம்பு உளுத்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்று அவர் முந்திய நாளே சொல்லியிருந்தார். “இன்னும் இரண்டு நாள் வேலைதானே” என்றார் மேஸ்திரி. கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரரும் பேசாமல் இருந்துவிட்டார். விழுந்த பின்னர் அனைவரும் சொன்னது ஒன்றே: “அவர் நஸீபு அப்படி!”

தக்தீரை நம்புவது ஈமானின் பகுதி; அதில் ஐயமில்லை. ஆனால் தக்தீர் நம் கடனைத் தீர்த்துவிடுமா? அன்னிஸா அத்தியாயத்தின் 92-ஆம் வசனத்தை ஓதிப் பாருங்கள். கொல்லும் எண்ணமே இல்லாமல் தவறுதலாக நேர்ந்த கொலைக்கும் அங்கே கஃப்பாரா உண்டு. இறந்தவர் குடும்பத்திற்குத் தியத்தும் உண்டு. எல்லாம் விதிப்படிதான் என்பது அங்கே சாக்காக ஏற்கப்படவில்லை. தடுப்பில்லாத மொட்டை மாடியில் உறங்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. உயரத்தில் தடுப்பு வைப்பதும் மார்க்கம் கற்றுத் தந்த ஒழுங்கே என்பதை இதிலிருந்து உணரலாம்.

இங்கே சிலர் ஓர் ஆட்சேபம் எழுப்பலாம். கிணற்றாலும் சுரங்கத்தாலும் நேரும் சேதத்திற்கு ஈடு இல்லை என்ற கருத்தில் புகாரியில் ஹதீஸ் உள்ளதே என்பர். உண்மைதான். ஆனால் ஒருவர் தம் நிலத்தில் வரம்பு மீறாமல் தோண்டிய கிணற்றுக்கே இது பொருந்தும் என்று இமாம்கள் விளக்கியுள்ளனர். பொதுப் பாதையில் அனுமதியின்றித் தோண்டி அதில் ஒருவர் விழுந்தால், தோண்டியவர் மீது ளமான் என்னும் ஈட்டுப் பொறுப்பு வந்துவிடுகிறது. ஆகவே, கிணறா, சாரமா என்பதல்ல கேள்வி. வரம்பு மீறலும் அலட்சியமும் இருந்தனவா என்பதே கேள்வி.

இதற்கு மிக நெருங்கிய மஸ்அலா, சாய்ந்த சுவரைப் பற்றியது. சுவர் திடீரென விழுந்து சேதம் நேர்ந்தால் உடையவர் மீது பொறுப்பில்லை. ஆனால் அது வழியின் பக்கம் சாய்ந்து, உரியவர் வந்து எச்சரித்து, இடிக்க அவகாசமும் இருந்து, அவர் வாளாவிருந்தால் பொறுப்பு அவருடையதே. இது ஹனஃபி நூல்களின் தீர்ப்பு. உதுமானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ சட்டமும் 928-ஆம் பிரிவில் இதையே சொல்கிறது. எச்சரிக்கை, அவகாசம், அலட்சியம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் பொறுப்பு. உளுத்த கம்பின் கதையில் இம்மூன்றும் இருக்கின்றன அல்லவா?

சரி, பொறுப்பு மேஸ்திரிக்கா, வீட்டுக்காரருக்கா? நம் அரபி மத்ரஸாக்களில் ஓதிக் கொடுக்கப்படும் ‘ஹிதாயா’வில் ஒரு வழிகாட்டல் உண்டு. வீட்டின் முகப்பை வெளியே நீட்டிக் கட்ட ஆட்களை அமர்த்தி, வேலை முடியுமுன் அது விழுந்து ஒருவர் இறந்தால் பொறுப்பு வேலை செய்தோருக்கு. முடிந்த பின் விழுந்தால் வீட்டுக்காரருக்கு. இது வழிப்போக்கரைப் பற்றிய சட்டமாயினும், வேலை எவர் கைவசம் இருந்ததோ அவரையே பொறுப்பு முதலில் தொடரும் என்பது விளங்குகிறது. எனவே சாரம் கட்டிய மேஸ்திரி தப்ப முடியாது. ஆனால் ஆபத்தை அறிந்தும், மாற்றும் வசதி இருந்தும், செலவை எண்ணி வாய் மூடியிருந்த வீட்டுக்காரரும் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவரே என்று நாம் கருதுகிறோம். அவரவர் பங்கு எவ்வளவு என்பதைத் தத்தம் மத்ஹபின் ஆலிம்களிடம் கேட்டறிக.

நாட்டுச் சட்டமும் உண்டு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்காமலே ஈடு பெற வழி செய்தது. 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அக்கடமை இடம்பெற்றுள்ளது. சட்டப்படி தர வேண்டியதைத் தராமல் இழுத்தடிப்பது ஒரு முஃமினுக்கு அழகன்று.

இன்னும் இரண்டு செய்திகளை மறக்கலாகாது.

ஒன்று: பொறுப்பு நம்மீது வந்துவிட்டால், விழுந்தவருக்குக் கொடுப்பது தர்மமன்று, கடன். அதை ஜகாத் கணக்கில் எழுதுவது கூடாது. நம் கடனை நம் ஜகாத்தைக் கொண்டு அடைக்க முடியாது. மனிதரின் ஹக்கு என்பதால், உரியவர் மன்னித்தாலன்றி அது நீங்காது.

இரண்டு: விழுந்தவர் எந்த மதத்தவர் என்று பார்க்கக் கூடாது. ஹனஃபி மத்ஹபில் முஸ்லிமல்லாத குடிமகனின் தியத்தும் முஸ்லிமின் தியத்தும் சமமே.

ஆகவே வீடு கட்டுவோர் கூலி பேசும்போதே சாரத்தையும் பேசுங்கள். உளுத்த கம்பையும் இற்றுப்போன கயிற்றையும் கழித்துவிடச் சொல்லுங்கள். நடக்கும் பலகை அகலமாகவும் இருபுறமும் இறுகக் கட்டியதாகவும் இருக்கட்டும். விளிம்பில் கைப்பிடித் தடுப்பு வையுங்கள். மழை பெய்த மறுநாள் முடிச்சுகளைச் சோதிக்காமல் எவரையும் ஏற்றாதீர்கள். “கம்பு ஆடுகிறது” என்று ஒரு சித்தாள் சொன்னாலும் வேலையை நிறுத்திப் பாருங்கள். அந்தச் சொல்தான் எச்சரிக்கை. அதைக் கேட்ட நேரம்தான் அவகாசம்.

ஒரு ஏழையின் கண்ணீர் படியாத வீட்டில் குடியிருக்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.