ஆவாரம்பூ பறிக்கப் போகிறீர்களா?

புரட்டாசியில் ஹைதராபாத்தைத் தாண்டி எந்தப் பக்கம் போனாலும் பாறை இடுக்குகளில் ஆவாரை பூத்து நிற்கும். இங்கே அதற்குத் தங்கேடு என்று பெயர். தெலங்கானாவின் மாநில மலர். போகியன்று வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரையைச் சேர்த்துக் காப்புக் கட்டி வளர்ந்த நம்மவர்கள், மஞ்சளாகக் கொத்துக் கொத்தாய்ப் பூத்த எதைப் பார்த்தாலும் ஆவாரை என்று பறித்துவிடுகிறார்கள். வாசலில் கட்டினால் பரவாயில்லை. வயிற்றுக்குள் போகிற பூவுக்கு இந்த அவசரம் ஆகாது.

பூவை வைத்து அடையாளம் காணாதீர்கள். இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். ஆவாரையானால் அங்கே காது மடல் போல வட்டமான பச்சைச் செதில்கள் கிளையைத் தழுவி நிற்கும். பிறகு இலையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒவ்வொரு ஜோடிச் சிற்றிலைக்கும் நடுவே குட்டிச் சுரப்பி ஒன்று நிமிர்ந்திருக்கும். காய் தட்டையாக, காகிதம் போல மெலிதாக இருக்கும். மூன்றும் பொருந்தினால் பறிக்கலாம், ஒன்று குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

சாலையோரம் நிழலுக்கு நட்ட மஞ்சள் கொன்றை பெரிய மரம். அதில் இந்தக் காது இருக்காது. பேயாவரைதான் ஆபத்து. குப்பைமேட்டில் வளரும் அந்தச் செடிக்கு நான்கைந்து ஜோடிக் கூர்மையான சிற்றிலைகளே இருக்கும். சுரப்பியும் காம்பின் அடியில் ஒன்றுதான். கசக்கினால் நாறும். மேற்கு உத்தரப் பிரதேசத்தில் இதன் விதைகளைத் தின்ற குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் முதலில் இந்தச் செடியைக் காட்டிக் கொடுங்கள்.

கே.பி.ஆர். பூங்கா தேசியப் பூங்கா, அங்கே கை வைக்கக் கூடாது. நெடுஞ்சாலை ஓரத்துப் பூவில் புகைக்கரி இருக்கும், பருத்திக் காட்டு வரப்பில் பூச்சிமருந்து இருக்கும். விகாராபாத், ஷாமிர்பேட்டை பக்கத்துக் கரட்டு நிலங்கள் நல்லவை. நிலத்துக்காரரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். குடிமல்காபூர் சந்தையில் வாங்கிய பூவைத் தேநீருக்குப் போடாதீர்கள். பண்டிகை நாளில் சாயம் முக்கிய குனுகுப் பூவோடு அது கலந்து கிடக்கும்.

பனி உலர்ந்த காலையில் பறியுங்கள். ஒரு செடியில் பாதிக் கொத்தை விட்டுவையுங்கள். வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத் துணியில் உதறினால் எறும்பும் வண்டும் ஓடிவிடும். இதழை மட்டும் உருவி நிழலில் உலர்த்துங்கள். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் போட்டால் நிறம் செத்துப்போகும். நொறுங்கும் பதம் வந்ததும் கண்ணாடிப் புட்டியில் அடையுங்கள்.

தேநீருக்கு ஒரு குவளைக்கு ஒரு தேக்கரண்டி இதழ். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு இதழைப் போட்டு, ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். கஷாயம் மாதிரிக் கொதிக்க விட்டால் துவர்ப்பு ஏறி நாக்கைப் பிடிக்கும். இஞ்சியும் கருப்பட்டியும் சேரும். பால் சேரவே சேராது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

மீந்த கொத்துகள் பதுகம்மாவுக்கு. மகாளய அமாவாசையில் தொடங்கி ஒன்பது நாள் நடக்கும் இந்தப் பூப் பண்டிகையில் ஆவாரைதான் பிரதானம். பெரிய தாம்பாளத்தில் பூசணி இலையைப் பரப்புங்கள். ஆவாரையைச் சிறு கட்டுகளாக நூலால் கட்டி, காம்பை ஒரே நீளத்தில் நறுக்குங்கள். இந்த நறுக்கலைச் சோம்பேறித்தனமாகச் செய்தால் மூன்றாவது அடுக்கிலேயே கோபுரம் சாயும். பூ வெளியே, காம்பு உள்ளே பார்த்து வட்டமாக வைத்து, நடுக்குழியை நறுக்கிய தழையால் இறுக்கி நிரப்புங்கள். நடுவில் தெர்மோகோல் வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கடைசியில் எல்லாம் ஏரிக்குத்தானே போகிறது! அடுக்கடுக்காகக் குறுக்கி, உச்சியில் பூசணிப் பூவும் மஞ்சளில் பிடித்த கௌரம்மாவும் வையுங்கள்.

ஒரு வேண்டுகோள். ஆவாரம் பட்டை தோல் பதனிட உதவும் என்று கேள்விப்பட்டு, வீட்டில் செய்து பார்க்கலாம் என்று பட்டையை உரிக்காதீர்கள். சுற்றிலும் உரித்த கிளை காய்ந்துவிடும். பூவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.