கைக்கருவியும் கண்பார்வையும்

குடும்ப நலம் என்றவுடன் தடுப்பூசி, பேறுகாலம், குழந்தையின் எடை என்றுதான் எல்லோருக்கும் நினைவு வரும். அதில் தவறில்லை. ஆனால் பட்டறையில் உழைத்து வாரக்கூலி கொண்டுவருகிறவரின் கண்ணும் விரலும் அந்தக் குடும்பத்தின் சொத்து அல்லவா? ஆகவே லேத்துப் பட்டறை, வெல்டிங் கடை, தச்சு, கட்டட வேலை செய்யும் சகோதரர்களும் அவர்கள் வீட்டுத் தாய்மார்களும் இதைச் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டுகிறோம்.

முதலில் இரும்பு வெட்டும் சாதாரண உளியைப் பாருங்கள். அடிபட்டு அடிபட்டு அதன் தலை காளான் குடைபோல விரிந்திருக்கும். "இது என்ன செஞ்சிடும்?" என்பீர்கள். அடுத்த அடியில் அந்த விளிம்பிலிருந்து நொய்யரிசி அளவுகூட இல்லாத சில்லு தெறித்துக் கண்ணுக்குள் பாயும். விரிந்த தலையை உடனே சாணையில் தேய்த்துச் சரிப்படுத்துங்கள். சுத்தியலைச் சுத்தியலால் அடிக்கவே கூடாது. இரண்டும் கடினமாக்கிய இரும்பு, சில்லு பறக்கும். காம்பு ஆடினால் தண்ணீரில் ஊறப் போடுவது நம்மவர் வழக்கம். காலையில் இறுகும், காய்ந்ததும் மறுபடி தளரும். நல்ல ஆப்பு அடியுங்கள், இல்லையேல் காம்பை மாற்றுங்கள். பிடி இல்லாத அரமும் வேண்டாம். அதன் வால் உள்ளங்கையைத் துளைத்துவிடும்.

அதிகம் சொல்ல வேண்டியது கை கிரைண்டரைப் பற்றி. 4 அங்குல கிரைண்டர் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. அதாவது சக்கரத்தின் ஓரம் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது! அந்த வேகத்தில் சக்கரம் உடைந்தால், துண்டு போகிற வழியில் உங்கள் முகம் இருக்கக் கூடாது. அதற்குத்தான் கார்டு. அதைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டுப் பெரிய சக்கரத்தை மாட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். சக்கரம் பெரிதானால் அது தாங்கும் வேகம் குறையும் என்பதை மறந்துவிடுகிறார்கள். சக்கரத்தில் அச்சிட்ட வேகம் மிஷினில் எழுதிய வேகத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதி இருக்கும், அதையும் பாருங்கள். கீழே விழுந்த சக்கரத்தை மாட்டாதீர்கள். மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. புதிதாக மாட்டியதும் சற்று ஒதுங்கி நின்று ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குங்கள். அறுக்கும் மெல்லிய சக்கரத்தின் பக்கவாட்டில் தேய்க்கக் கூடாது. தச்சர்கள் சிலர் இதே மிஷினில் மரம் அறுக்கும் பல் பிளேடைப் போடுகிறார்கள். அது மரத்தில் சிக்கி உதைத்தால் தொடையிலோ கழுத்திலோ வந்து பாயும். இந்தப் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

உலோக உடல் கொண்ட மிஷினுக்கு எர்த்துடன் மூன்று முனை பிளக் கட்டாயம். ஒயரின் நுனியைத் தீக்குச்சி வைத்துச் சாக்கெட்டில் சொருகுவது உயிரோடு விளையாடுவது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் கடைகளில் கிடைக்கிறது. பட்டறை முதலாளிகள் அதைப் பொருத்த வேண்டும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று மிஷினைத் தொடாதீர்கள்.

துளை போடும் மிஷினிடம் துணிக் கையுறை ஆகாது. சிக்கினால் விரலையும் சேர்த்து முறுக்கும். தொங்கும் துண்டு, மோதிரம், மணிக்கட்டில் கட்டிய கயிறு எல்லாவற்றுக்கும் இதே கதிதான். சாமிக்கயிறு என்றால் வேலை நேரத்தில் சட்டைப் பையில் இருக்கட்டும், சாமி கோபிக்காது.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 35-ஆவது பிரிவே கண்ணுக்குத் தடுப்போ பாதுகாப்புக் கண்ணாடியோ தர வேண்டும் என்று விதித்தது. கொடுத்த கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவர்களைப் பார்க்கிறோம். கழுத்துக்குப் பார்வை எதற்கு? பக்கத்தில் பிடித்துக்கொள்ளும் உதவியாளுக்கும் கண்ணாடி வேண்டும் என்பதை முதலாளிகள் கவனிக்க.

தாய்மார்களே, இனி உங்கள் பங்கு. கண்ணில் தூசி என்று அவர் வந்தால் சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவலாம். தாய்ப்பால் பீய்ச்சுவது, விளக்கெண்ணெய் விடுவது, சேலை நுனியால் எடுப்பது, நாக்கால் தடவுவது எல்லாம் வேண்டாம். அடிக்கும்போதோ அறுக்கும்போதோ 'சுருக்'கென்று ஏதோ பட்டது என்று சொன்னால் வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். உள்ளே போன இரும்புச் சில்லு சில சமயம் வலியே தராது. முதல் நாள் பார்வைகூட நன்றாயிருக்கும். பிறகு இரும்பு உள்ளேயே துருப்பிடித்து மெல்ல மெல்லப் பார்வையைக் கெடுக்கும். சில்லு குத்தி நிற்பது தெரிந்தால் பிடுங்காதீர்கள், கழுவாதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள். ஒரு காகிதக் கோப்பையைக் கண்ணின் மேல் கவிழ்த்து, விளிம்பு கண்ணில் படாமல் ஒட்டி, 108-ஐக் கூப்பிடுங்கள்.

விரல் துண்டானால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வைக்கவும். துண்டான விரலைத் தேடி எடுத்து, ஈரமாக்கிப் பிழிந்த சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்து நோயாளியுடன் அனுப்புங்கள். விரலை நேராக ஐஸில் வைத்தால் சதை கெட்டு, மறுபடி பொருத்த முடியாமல் போகும்.