சித்திரை முதல் விக்டோரியா தினம் வரை: வோபர்ன் பூக்களிடம் ஓவியம் பழகும் வழி

ஏப்ரல் 14 அன்று சித்திரை பிறக்கும்போது ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் உள்ள வோபர்னில் பச்சை என்று காட்ட அதிகம் இராது. மார்க்கம் வீதித் தொடர்மாடிகளின் நிழல் விழும் மூலைகளில் அழுக்குப் பனிக்குவியல் ஒன்றிரண்டு மிஞ்சிக் கிடந்தாலும் வியப்பில்லை. ஆனால் தெற்குப் பார்த்த சுவரோரங்களில் விரல் உயரச் செடிகளில் நீலப் பூக்கள் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். அவற்றின் பெயர் சில்லா. அன்றிலிருந்து, மே 25க்கு முந்திய திங்கட்கிழமையில் வரும் விக்டோரியா தினம் வரை, ஏறத்தாழ ஐந்து வாரம். ஓவியம் பழக ஆசைப்பட்டும் தொடங்காமலே இருப்பவருக்கு இந்த ஐந்து வாரத்தைவிட நல்ல பாடத்திட்டம் எந்த வகுப்பிலும் கிடைக்காது என்பது என் எண்ணம். பூக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கிட்டத்தட்ட எளியது முன்னும் கடினமானது பின்னுமாக. நீங்கள் அந்த வரிசையைப் பின்தொடர்ந்தால் போதும்.

எதில் வரைவது? நீர்வண்ணத்தில். அது கடினம், தொடக்கக்காரருக்கு ஆகாது என்று சொல்பவர்கள் உண்டு. பெரிய தாளில் பெரிய காட்சியை வரையப் போனால் அவர்கள் சொல்வது சரி. உள்ளங்கையளவு தாளில் ஒரே ஒரு பூவை வரைபவருக்கு அது பொருந்தாது. தொடர்மாடி வீட்டுக்குள் டர்பன்டைன் மணம் பரவாது; படம் காய்வதற்கு நாள்கணக்கில் இடம் ஒதுக்க வேண்டியதில்லை; எல்லாம் ஒரு கைப்பைக்குள் அடங்கும்.

கடையில்

காசைத் தாளில் போடுங்கள், வண்ணத்தில் அல்ல. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள, உறையில் ‘கோல்ட் பிரஸ்’ என்று எழுதியிருக்கும் நீர்வண்ணத் தாள் வேண்டும்; 140 இறாத்தல் என்று போட்டிருப்பதும் அதுவேதான். அச்சுத் தாளில் வரைந்தால் தண்ணீர் பட்டதும் தாள் நெளியும், வண்ணம் பரவாமல் விழுந்த இடத்திலேயே ஊறிவிடும். பழகுபவரோ தனக்குக் கைவரவில்லை என்று முடிவுகட்டிப் பெட்டியை மூடிவிடுவார். பிழை தாளில் இருக்கிறது. ஒரு தாளை நான்காகவோ எட்டாகவோ வெட்டிக்கொண்டால் செலவும் குறையும், அச்சமும் குறையும்.

வண்ணம் மாணவர் தரத்தில் போதும். வின்சர் அன்ட் நியூட்டனின் கொட்மன் சிறு பெட்டி மைக்கல்ஸ் போன்ற கடைகளில் கிடைக்கும். ஆறு நிறம் தாராளம்: எலுமிச்சை மஞ்சள், அதைவிடச் சூடான இன்னொரு மஞ்சள், செம்மஞ்சள் பக்கம் சாயும் ஒரு சிவப்பு, றோசாப் பக்கம் சாயும் ஒரு சிவப்பு, அல்ட்ராமரின் நீலம், பேர்ன்ட் சியன்னா என்கிற செங்கபிலம். கறுப்பும் வெள்ளையும் பெட்டியில் இருந்தால் இப்போதைக்குத் தொடாதீர்கள். வெள்ளை உங்கள் தாளிலேயே இருக்கிறது. அல்ட்ராமரினையும் பேர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் உயிருள்ள ஒரு கறுப்பு வரும். தூரிகை ஒன்றே ஒன்று: 8ஆம் எண் வட்டத் தூரிகை, நனைத்தால் நுனி கூராகக் குவிய வேண்டும். முப்பது தூரிகை சேர்த்துக் கட்டிய மலிவுப் பொதி வீண். தண்ணீருக்கு இரண்டு பிளாஸ்ரிக் பேணிகள், தாளை அட்டையில் ஒட்ட நாடா ஆகியவற்றை டொலராமாவில் எடுக்கலாம். துடைக்கப் பழைய பருத்திச் சாரத்தில் கிழித்த துண்டைப்போல் எதுவும் உதவாது.

வெளியே போகுமுன் ஒரு மாலை

சமையலறை மேசையில் நீலத்தை மட்டும் எடுத்து மூன்று கட்டம் போடுங்கள்: முதலாவது பிளேன் ரீயின் பதத்தில், அடுத்தது பால் பதத்தில், மூன்றாவது தயிர்ப் பதத்தில். காய்ந்த பிறகு பாருங்கள், மூன்றுமே நீங்கள் போட்டதைவிட வெளிறியிருக்கும். ஈரத்தில் சற்று அழுத்தமாகத் தெரிவதே காய்ந்தபின் சரியாக வரும் என்பதை அந்த மூன்று கட்டங்களும் கைக்குச் சொல்லித்தரும். நீர்வண்ணத்தில் வெளிறியதிலிருந்து அழுத்தமானதற்குத்தான் போகலாம், திரும்பி வருவது அரிது. ஆகவே ரீயில் தொடங்கித் தயிரில் முடியுங்கள்.

இன்னொன்று: நன்றாக நனைந்த இடத்தில் வண்ணம் வைக்கலாம், நன்றாகக் காய்ந்த இடத்திலும் வைக்கலாம். அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் வைத்தால் தண்ணீர் பின்வாங்கி ஓரமெல்லாம் பிசிறாகக் கறை படியும். விரலின் பின்புறத்தால் தாளைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

தோட்டத்தில்

வெப்பநிலை 10 பாகையைத் தாண்டும் நாளைத் தெரிந்தெடுங்கள். ஏப்ரல் குளிரில் தாள் காய நேரம் பிடிக்கும்; இரண்டு தாள் கொண்டுபோனால் ஒன்று காயும்போது மற்றதில் வேலை நடக்கும். வெயில் தாளில் நேராக விழும்படி உட்காராதீர்கள். வெள்ளைத் தாள் கண்ணைக் கூசவைக்கும். நிறம் எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பது பிடிபடாது. உங்கள் உடலின் நிழல் தாளில் விழட்டும்.

உட்கார்ந்ததும் தூரிகையை எடுக்காமல் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். வந்தது தோட்டத்தைப் பார்க்கவும்தானே! ரொபின் பறவை மண்புழுவை இழுப்பதை, வாங்கில் வெயில் காயும் கிழவரை, பக்கத்து வளவில் மண் கிளறும் அக்காவைப் பார்த்துவிட்டு வேலைக்கு வரலாம். சீரியல் பெட்டி அட்டையில் தீப்பெட்டியளவு சதுரத் துளை வெட்டி, அதன்வழியே ஒற்றைக் கண்ணால் பாருங்கள். தோட்டம் முழுவதையும் வரையும் ஆசையை அந்தத் துளை அடக்கிவிடும். பென்சிலால் நான்கைந்து கோடுகளுக்கு மேல் வேண்டாம். அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி. அதற்குள் நிழல் இடம் மாறியிருக்கும், நிறுத்திவிடுங்கள். தாளின் பின்புறம் திகதியையும் பூவின் பெயரையும் எழுதுங்கள்.

பூக்களின் வரிசை

முதல் வாரம் சில்லாவும் குரோக்கசும். தூரிகையின் நுனியை வைத்து, வயிறு தாளில் படும்வரை அழுத்தி, மெல்லத் தூக்குங்கள். ஓர் இதழ் வந்துவிடும். பக்கம் முழுக்க இதழாகப் போட்டுத் தள்ளுங்கள். அந்த வாரத்துக்கு வேறு பாடம் இல்லை.

அடுத்து மஞ்சள். இலை வருமுன்னே கிளையெல்லாம் பூத்து, வேலியோரத்தில் மஞ்சள் புதராக நிற்பது ஃபோர்சித்தியா. பூக்களை எண்ணி வரைய முயலாதீர்கள். கண்ணை இடுக்கிப் பார்த்தால் மூன்றோ நான்கோ மஞ்சள் திட்டுகள்தான் தெரியும். அவற்றைப் போட்டு, காய்ந்தபின் இடைவெளிகளில் கபிலக் கிளைகளை இழுங்கள். அதே நாட்களில் டஃபடிலும் மலரும். நடுவே குழலும் சுற்றி ஆறு இதழும் உள்ள இந்தப் பூவிடம்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது: மஞ்சளின் நிழல் என்ன நிறம்? எல்லோர் கையும் கறுப்பை நோக்கிப் போகும். மஞ்சளில் கறுப்பைக் கலந்தால் பாசிப் பச்சைதான் வரும், பூ வாடியதுபோல் ஆகிவிடும். சூடான மஞ்சளில் துளி பேர்ன்ட் சியன்னா கலந்து குழலின் உட்புறத்துக்குப் போடுங்கள். இதழ்மேல் விழும் நிழலுக்கு, முதல் பூச்சு காய்ந்தபின், அல்ட்ராமரினும் றோசாச் சிவப்பும் கலந்த ஊதாவை மிக நீர்த்த பதத்தில் ஒரே இழுப்பில் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் முழுவதும் போனாலும் தகும்.

டியூலிப் வரைய எண்ணினால் நாளைக்கு என்று வைக்க வேண்டாம். அணில்களும் முயல்களும் டஃபடிலைத் தொடுவதில்லை, அதில் நஞ்சுண்டு. டியூலிப் அவற்றுக்கு விருந்து. மாலையில் பார்த்து வைத்த மொட்டு காலையில் வெறும் தண்டாக நிற்கும்.

ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் மக்னோலியா, சகுரா. இதழ் இருக்கும் இடத்தை வெறும் தண்ணீரால் நனைத்து, அடியில் மட்டும் றோசாவைத் தொட்டுவிடுங்கள். அது தானே மேலேறி மங்கும். நீங்கள் இடையில் புகாமல் இருப்பதே வேலை. சகுராவுக்கென்று ஹை பார்க் போக வேண்டுமா? 1959இல் டோக்கியோ மக்களின் பரிசாக 2,000 மரங்கள் வந்த கதை பெரிய கதைதான், மரங்களும் அழகுதான். ஆனால் பூக்காலத்தில் அங்கே தூரிகை அசைக்க இடம் கிடைக்காது. உங்கள் தெருவில் யார் வீட்டு முன்றிலிலாவது நிற்கும் ஒரு மக்னோலியா போதும்.

மே மாதத்தில் காட்டுத்தரையில் ட்ரில்லியம் விரியும். 1937 முதல் ஒன்ராறியோவின் மாகாணப் பூ இது: மூன்று இலை, மூன்று புல்லி, மூன்று வெள்ளை இதழ். வெள்ளைத் தாளில் வெள்ளைப் பூவை எப்படி வரைவது? பூவை வரையாமல் விட்டு, அதைச் சுற்றியுள்ள இலையையும் மண்ணின் இருளையும் வரைய வேண்டும். பின்னணியை அழுத்தமாகப் போடப் போட இதழ் தானாக ஒளிரும். கடைசியில் இதழின் மடிப்புகளில் நீர்த்த நீலம் ஒரு தொடுகை. பூ முதிரும்போது வெள்ளை இதழ் இளஞ்சிவப்பாக மாறும்; ஒரு வாரம் கழித்து அதே செடியிடம் போனால் இரண்டாவது படம் காத்திருக்கும். பறிக்காதீர்கள். பூவோடு இலையும் போனால் செடிக்கு உணவு தயாரிக்க வழியில்லை. விதையிலிருந்து பூக்கும் நிலைக்கு வர அதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். ஹைலண்ட் கிரீக் பள்ளத்தாக்கு போன்ற காட்டோரங்களுக்குப் போகும்போது முழுநீளக் காற்சட்டையை மேசுக்குள் செருகிக்கொண்டு, பாதையை விட்டு விலகாமல் இருங்கள். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணிகள் கிழக்கு ஸ்காபரோவில் இருக்கின்றன. வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் தலைமுடியையும் சோதியுங்கள்.

பிறகு லைலக். ஊதாத் திட்டு ஒன்று, மணம் இலவசம்.

கடைசி வாரத்தை நம் வீடுகளுக்கே வைத்திருக்கிறேன். விக்டோரியா தினத்துக்கு முன் உறைபனி வரக்கூடும் என்பதால் கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுகளும், குளிர்காலம் முழுக்க யன்னலோரம் ஒதுங்கியிருந்த கறிவேப்பிலையும் முருங்கையும் பகலில் பல்கனிக்கு வந்து இரவில் உள்ளே போகும் காலம் இது. பச்சை பழக இதைவிட நல்ல மாதிரி இல்லை. பெட்டியில் இருக்கும் ஆயத்தப் பச்சை பிளாஸ்ரிக் மாதிரித்தான் தெரியும். எலுமிச்சை மஞ்சளில் துளி அல்ட்ராமரின் போட்டால் புதுப் புல். நீலத்தைக் கூட்டிச் சிறிது பேர்ன்ட் சியன்னா சேர்த்தால் கறிவேப்பிலை. அதில் தண்ணீரும் இன்னும் கொஞ்ச நீலமும் சேர்ந்தால் சாம்பல் பூத்த கத்தரி இலை. கத்தரித் தண்டில் ஓடும் ஊதாவை விட்டுவிடாதீர்கள், செடியை அடையாளம் காட்டுவது அதுதான்.

வளவு இல்லாதவர்களுக்கு

பிறிம்லி வீதியில் தொம்சன் நினைவுப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. லோறன்ஸ் வீதியில் மேற்கே லெஸ்லி சந்திவரை போனால் எட்வர்ட்ஸ் தோட்டம், கிங்ஸ்டன் வீதியில் ஏரியைப் பார்த்தபடி றோசெற்றா மக்ளெய்ன் தோட்டம். கில்ட் பூங்காவில் இடிக்கப்பட்ட பழைய ரொறன்ரோக் கட்டடங்களின் தூண்கள் நிற்கின்றன. கல்லின் சாம்பலுக்கு முன்னால் எந்தப் பூவும் நன்றாக எடுபடும். மின்கோபுரங்களின் கீழ் ஸ்காபரோவைக் குறுக்கறுத்துப் போகும் மெடோவே புல்வெளியும் அழகுதான், ஆனால் அதன் காலம் கோடை. மே மாதத்தில் அங்கே பெரும்பாலும் காய்ந்த தண்டுகளே.

ஒருமுறை எல்ஸ்மெயர் வீதியால் கிழக்கே, ரொறன்ரோப் பல்கலைக்கழக ஸ்காபரோ வளாகத்துக்குப் போங்கள். அங்கே 2004இல் திறந்த டோறிஸ் மக்கார்த்தி காட்சியகத்துக்கு அனுமதி இலவசம். பெரும்பாலும் சமகாலக் கண்காட்சிகள் நடக்கும். ஓவியர் மக்கார்த்தியின் படங்கள் எப்போதும் தொங்கும் என்றில்லை. ஆனால் ஆளைத் தெரிந்துகொள்வது நல்லது. 1910இல் பிறந்து, நாற்பது ஆண்டுகள் உயர்தரப் பள்ளியொன்றில் ஓவியம் கற்பித்தவர்; 1939இல் ஸ்காபரோ செங்குத்துக் கரையில் நிலம் வாங்கி வீடு கட்டி, நூறு வயதில் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தவர்; ஆர்க்டிக் பனிமலைகளின் முன்னாலும் தாளோடு உட்கார்ந்தவர். 1989இல், 79 வயதில், இதே வளாகத்தில் ஆங்கில இலக்கியப் பட்டம் பெற்றார். பேரப்பிள்ளை கண்டபின் தூரிகை எதற்கு என்று தயங்கும் அம்மம்மாமாருக்கு இந்த ஒரு தகவலே போதும். நீர்வண்ண நூல்களுக்கு மார்க்கம் வீதியில் செடார்பிறே நூலகம் இருக்கிறது. ரொறன்ரோ நூலகங்கள் 2022 முதல் தாமதத்துக்குத் தண்டம் வாங்குவதில்லை.

அடுத்த வசந்தத்துக்குச் சொந்தப் பூ வேண்டுமென்றால் இந்த ஒக்டோபரில், நிலம் உறையுமுன், டஃபடில் கிழங்குகளைக் கூர்நுனி மேலே இருக்கும்படி 15 சென்ரிமீட்டர் ஆழத்தில் நட்டுவிடுங்கள். டியூலிப்பும் நடுவதானால் அணிலுக்கும் சேர்த்து இரட்டிப்பாக வாங்குங்கள்.