கைக்கு வரும் சம்பளமும் வாயால் சொல்லும் சம்பளமும்

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து, திருச்சியில் ஒரு சிறு தொழிற்கூடத்தில் இரண்டு வருடமாக வேலை பார்ப்பவருக்கு மாதம் கைக்கு வருவது 16,000 ரூபாய். சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள தொழிற்சாலை ஒன்று நேர்காணலுக்கு அழைத்திருக்கிறது. "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்டால் என்ன சொல்வது? கூட்டிச் சொன்னால் வேலை கைநழுவுமோ, குறைத்துச் சொன்னால் அதிலேயே நிறுத்திவிடுவார்களோ?
— ஒரு வாசகர், வல்லத்திராக்கோட்டை

பதில்: ஆள் தேடத் தொடங்கும்போதே பெரும்பாலான நிறுவனங்கள் அந்தப் பணியிடத்துக்கு ஒரு கீழ்வரம்பையும் மேல்வரம்பையும் முடிவு செய்துவிடுகின்றன. நேர்காணல் நடத்துபவருக்கு அந்த இரண்டு எண்களும் தெரியும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. வந்தவர் அந்த வரம்புக்குள் அடங்குவாரா, தன் வேலைக்குச் சந்தையில் என்ன விலை என்று அறிந்திருக்கிறாரா என்று பார்க்கத்தான் இந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. வரம்புக்குள் உள்ள எந்த எண்ணைச் சொன்னாலும் அதற்காக வேலை போவதில்லை. வரம்பைச் சற்றுத் தாண்டிச் சொன்னாலும், ஆள் பிடித்திருந்தால், "அவ்வளவு முடியாது, இவ்வளவுதான்" என்ற பதில்தான் வரும்.

கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாக மாதச் சம்பளத்துக்குப் போகும் பலர் இந்த இடத்தில் சொல்வது, "நீங்களே பார்த்துப் போட்டுக் குடுங்க சார்." பெரியவர்களிடம் காசு பேசக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு அது பணிவு. நிறுவனத்தின் கணக்கில் அது கீழ்வரம்புக்குக் கொடுத்த சம்மதம். சொல்லக்கூடிய பதில்களில் அதிக நஷ்டம் தருவது இதுதான். மாதம் 2,000 ரூபாய் குறைவாகத் தொடங்கினால் ஆண்டுக்கு 24,000 போகிறது. அடுத்தடுத்த ஊதிய உயர்வுகளும் அந்தக் குறைந்த தொகையின் மேல்தான் சதவீதமாக ஏறும். ஆகவே எண்ணை வேலை தேடுபவரே சொல்ல வேண்டும், அதுவும் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.

கணக்கு தொடங்க வேண்டிய இடம் சிடிசி. வீட்டில் பேசுவது கைக்கு வரும் சம்பளம். நிறுவனம் பேசுவது சிடிசி, அதாவது ஓர் ஊழியருக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகை. இரண்டுக்கும் உள்ள தூரம் தெரியாமல் பேசியதால்தான் முதல் மாதச் சம்பளம் வந்ததும் பலருக்கு அதிர்ச்சி. ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் சிடிசி என்று கடிதம் வருவதாகக் கொள்ளலாம். மாதத்துக்கு 30,000, அதில் அடிப்படைச் சம்பளம் 15,000. நிறுவனம் செலுத்தும் பிஎஃப் பங்கு, 15,000-க்கு 12 சதவீதமாக, 1,800. பணிக்கொடைக்கென்று அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், ஏறக்குறைய 722. ஆண்டு முடிவில் செயல்திறனைப் பார்த்துத் தரப்படும் தொகை பத்து சதவீதம் என்றால் 3,000. இவை மூன்றும் சிடிசியில் இருக்கும், மாதச் சம்பளத்தில் வராது. மிச்சம் 24,478. அதிலிருந்து ஊழியரின் பிஎஃப் பங்கு இன்னொரு 1,800 பிடிக்கப்படும். ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500 ரூபாயான தொழில் வரியை மாதத்துக்குப் பிரித்தால் 208. கடைசியில் வங்கிக் கணக்கில் விழுவது 22,470. கேன்டீனுக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும். இந்த அளவு சம்பளத்துக்கு வருமான வரி இல்லை.

முப்பதாயிரம் என்று கேட்டு வாங்கியவர் கையில் இருபத்திரண்டாயிரம்தான் நிற்கிறது. ஆகவே கைக்கு 25,000 வேண்டும் என்று நினைப்பவர், இந்த அமைப்புள்ள நிறுவனத்தில் "25,000" என்று சொன்னால் தவறாகிவிடும். 33,000-க்கு மேல் சொல்ல வேண்டும். எண்ணைச் சொல்லும்போதே அது சிடிசியா, கைக்கு வருவதா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

இஎஸ்ஐ விஷயமும் இங்கே கவனிக்கத்தக்கது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ உண்டு. ஊழியர் கட்டுவது 0.75 சதவீதம், நிறுவனம் கட்டுவது 3.25 சதவீதம். அந்தச் சிறு தொகைக்குக் குடும்பம் முழுவதற்கும் மருத்துவம் கிடைக்கிறது. சம்பளம் அந்த எல்லையைச் சில நூறு ரூபாய் மட்டும் தாண்டினால் உயர்வை விட இழப்பு பெரிதாகலாம். அப்படிப்பட்ட இடத்தில், "குடும்பத்துக்கும் சேர்த்துக் குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கா, பெற்றோர் அதில் வருவார்களா?" என்று கேட்காமல் சம்மதிக்கக் கூடாது. ஊரில் வயதான பெற்றோரை வைத்திருப்பவருக்கு இது சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் கூடுவதை விட முக்கியம்.

சட்டமும் அண்மையில் மாறியிருக்கிறது. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. ஊதியம் என்று சட்டம் எதைக் கருதுகிறதோ அது மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது அவற்றின் முக்கிய விதி. அடிப்படைச் சம்பளத்தை மிகக் குறைத்துப் படிகளை ஊதிக் காட்டும் வழக்கத்துக்கு இது ஒரு தடை. எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. "அடிப்படைச் சம்பளம் எவ்வளவு வரும் சார்?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது, பிஎஃப், பணிக்கொடை இரண்டும் அதைப் பொறுத்தவை.

சந்தை விலையை அறிய நல்ல வழி ஆட்களிடம் கேட்பதுதான். அதே பாலிடெக்னிக்கில் இரண்டு மூன்று வருடம் முன்னால் படித்து ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலை பார்க்கும் சீனியர்கள் எந்த இணையதளத்தையும் விடச் சரியாகச் சொல்வார்கள். "உங்க சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டால் சங்கடப்படுவார்கள், "இந்த வேலைக்கு அங்கே என்ன குடுக்குறாங்க?" என்று கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நடக்கும் தனியார் துறை முகாம்களிலும், தமிழக அரசின் தனியார் வேலை இணையதளத்திலும் பல நிறுவனங்கள் சம்பளத்தைக் குறிப்பிட்டே ஆள் கேட்கின்றன. வேலை தேடாத நாளிலும் ஒருமுறை பார்த்து வைக்கலாம்.

வெளியூர் வாழ்க்கைச் செலவையும் கணக்கிட வேண்டும். அறை வாடகை, மெஸ், மாதம் ஒருமுறை வல்லத்திராக்கோட்டைக்கு வந்து போகும் செலவு, வீட்டுக்கு அனுப்பும் பணம் இவற்றைக் கூட்டினால் வருவது, அதற்குக் கீழே போகக் கூடாது என்ற எல்லை. ஆனால் அந்த எல்லை வேலை தேடுபவரின் மனதுக்குள் இருக்க வேண்டியது. "மெட்ராஸ்ல வாடகை ஜாஸ்தி சார்" என்பதை நிறுவனம் ஒரு காரணமாக எடுத்துக்கொள்வதில்லை. தெரிந்த வேலையும் சந்தை விலையும்தான் அங்கே எடுபடும்.

சொல்லும் முறைக்கு வருவோம். தொலைபேசியில் முதல்கட்டமாகப் பேசும்போதே கேட்டால், "வேலையைப் பற்றி முழுசாத் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்றேன் மேடம். இந்தப் பொறுப்புக்கு எந்த ரேஞ்ச் வச்சிருக்கீங்கன்னு சொல்ல முடியுமா?" என்று திருப்பிக் கேட்கலாம். சிலர் சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் மறுபடியும் கேட்டால் மழுப்பக் கூடாது. ஒரு தடவைக்கு மேல் தள்ளிப்போட்டால் தயாராக வரவில்லை என்ற எண்ணம் வரும். அப்போது: "சிஎன்சி ஆபரேட்டிங், புரோகிராமிங் ரெண்டும் கேட்டிருக்கீங்க. ரெண்டுலயும் ரெண்டு வருஷ அனுபவம் இருக்கு. ஒரகடம் பக்கம் இந்த வேலைக்குக் குடுக்குறதை விசாரிச்சிருக்கேன். மாசம் 33,000-லேருந்து 36,000 வரைக்கும் சிடிசி எதிர்பார்க்கிறேன்." இவ்வளவு போதும். சொன்ன பிறகு பேசாமல் இருக்க வேண்டும். எதிரே இருப்பவர் முகம் சுளித்ததைப் பார்த்து, அவர் ஒன்றும் சொல்லும் முன்பே, "இல்ல சார், கொஞ்சம் குறைச்சாலும் பரவாயில்லை" என்று தானே இறங்கி வருபவர்கள் ஏராளம்.

மேலே சொன்ன இடைவெளியில் கீழ் எண் எது என்பது முக்கியம். கேட்பவர் காதில் விழுவது பெரும்பாலும் அதுதான். ஆகவே உண்மையில் வேண்டிய தொகை கீழ் எண்ணாக இருக்க வேண்டும், நடு எண்ணாக அல்ல. கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் ஏம்ஸ், மாலியா மேசன் இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: வேண்டிய தொகையைக் கீழே வைத்து அதற்கு மேல் ஓர் இடைவெளி கேட்டவர்களுக்கு, ஒரே எண்ணைச் சொன்னவர்களை விட நல்ல பலன் கிடைக்கக்கூடும். முதலில் காதில் விழும் எண் மனதைக் கட்டிப்போடும் என்பதை உளவியலாளர்கள் டுவெர்ஸ்கியும் கானமனும் 1974-லேயே எழுதிவிட்டார்கள். அவர்களின் சோதனையில், சுழல் சக்கரத்தில் தற்செயலாக விழுந்த எண் 10 என்றபோது, ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்ற கேள்விக்கு மக்கள் சொன்ன இடைநிலை விடை 25. சக்கரம் 65 காட்டியபோது 45. சம்பந்தமே இல்லாத எண்ணுக்கே அந்த வலிமை இருக்கும்போது, முந்தைய சம்பளம் என்ற எண்ணுக்கு எவ்வளவு இருக்கும்!

கடினமான பகுதி அந்த முந்தைய சம்பளம்தான். "இப்போ வாங்குறதுக்கு மேல 30 பர்சென்ட்தான் எங்க பாலிசி" என்று சொல்வது பல இடங்களில் வழக்கம். அது சட்டம் அல்ல, வழக்கம் மட்டுமே. நியாயமான வழக்கமும் அல்ல. அந்தக் கணக்கில் 16,000 வாங்குபவர் 20,800-ஐத் தாண்ட முடியாது, பக்கத்து மெஷினில் அதே வேலை செய்பவர் எவ்வளவு வாங்கினாலும். சிறிய ஊரில் தொடங்கியவரும், குழந்தைக்காக இடையில் வேலையை விட்ட பெண்ணும் ஆயுள் முழுக்கப் பின்தங்கியே இருக்க இந்த வழக்கம் ஒன்றே போதும். அமெரிக்காவில் ஃப்ரெஸ்னோ மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கணித ஆலோசகராக இருந்த அய்லீன் ரிசோ என்பவர், தனக்குப் பின்னால் சேர்ந்த ஆண் ஒருவருக்குக் கூடுதல் சம்பளம் என்று 2012-இல் தெரிந்துகொண்டார். முந்தைய சம்பளத்தை வைத்தே சம்பளம் போட்டோம் என்றது அலுவலகம். ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு சம்பளம் தர அது காரணமாகாது என்று 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே பல மாநிலங்கள் முந்தைய சம்பளம் எவ்வளவு என்ற கேள்வியையே தடை செய்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியமும் 2023-இல் இயற்றிய நெறிமுறையில் அதைத் தடுத்திருக்கிறது. சம்பள வரம்பை நிறுவனமே முன்கூட்டிச் சொல்லவும் வேண்டும் என்கிறது. இந்தியாவில் அப்படி ஒரு தடை இல்லை, வர வேண்டும்.

அதுவரை இங்கே செய்யக்கூடியது இது: பழைய சம்பளத்தில் பொய் சொல்லக் கூடாது. மூன்று மாதச் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு விவரமும் கேட்பார்கள். பிஎஃப் பாஸ்புக்கும் உண்மையைச் சொல்லிவிடும். பொய் தெரிந்தால் சேர்ந்த பிறகும் வேலை போகும். உண்மையைச் சொல்லிவிட்டு, அதிலிருந்து பேச்சை விலக்க வேண்டும்: "இப்போ 16,000 வாங்குறேன். அது சின்னப் பட்டறை, வேலையும் வேற. இந்த வேலைக்கு என் எதிர்பார்ப்பு 33,000 சிடிசி." மறுத்தால், உறுதிப்படுத்தும் காலம் முடிந்ததும் சம்பளத்தை மறுபரிசீலனை செய்வதாகக் கடிதத்திலேயே எழுதித் தரக் கேட்கலாம்.

கேள்வி: கல்லூரி வளாகத் தேர்வில் பெரிய ஐடி நிறுவனம் சம்பளத்தை முன்பே அறிவித்துவிட்டது. அங்கேயும் பேரம் பேசலாமா?
— ஒரு மாணவி, ஆலங்குடி

பதில்: பேசிப் பயனில்லை. நூற்றுக்கணக்கானோரை ஒரே நாளில் எடுக்கும் இடத்தில் எல்லாருக்கும் ஒரே தொகைதான். எதிர்பார்ப்பைக் கேட்டால், "நீங்கள் அறிவித்த தொகை தெரியும், சம்மதம்" என்பதே சரியான பதில். கேட்டுத் தெளிய வேண்டியவை வேறு: சேரும் தேதி, பணியிடம், பயிற்சிக் காலத்துக்கும் முழுச் சம்பளமா, ஒப்பந்தப் பத்திரம் உண்டா. பத்திரம் செல்லாது என்று நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது. மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் செல்லும் என்றது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம், ஒப்படைத்துவிட்டு வரக் கூடாது.

கேள்வி: டெஸ்ட் (திறன் தேர்வு) அடித்துவிட்டு சிங்கப்பூர் போக இருப்பவரிடம், வீடியோ நேர்காணலில் "ஓடியோட சேர்த்து 1,200 வெள்ளி வரும், சம்மதமா?" என்கிறார்கள். சம்மதிக்கலாமா?
— ஒரு வாசகர், அறந்தாங்கி

பதில்: அப்படிச் சேர்த்துச் சொன்ன எண்ணுக்குச் சம்மதிக்கக் கூடாது. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று தனியாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் ஓடி, அதாவது மேலதிக நேர வேலைக்கான கூலி, அதிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. வாரம் 44 மணி நேர வேலை. அடிப்படைச் சம்பளத்தை 12 ஆல் பெருக்கி, 52 வாரத்துக்கும் 44 மணிக்கும் வகுத்தால் ஒரு மணிக்கூலி. ஓடிக்கு அதில் ஒன்றரை மடங்கு. அடிப்படை 800 வெள்ளி என்றால் ஓடி மணிக்கு 6.29, 600 என்றால் 4.72 தான். மாதத்துக்கு 72 மணி நேரம் என்ற ஓடி உச்சவரம்பும் உண்டு. கம்பெனியில் வேலை குறைந்து ஓடி நின்றுபோனால் கையில் மிஞ்சுவது அடிப்படை மட்டுமே.

சிங்கப்பூர் மனிதவள அமைச்சகம் தரும் ஐபிஏ (வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல்) கடிதத்தில் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் தனித்தனியாக இருக்கும். தொழிலாளியின் தாய்மொழியிலும் அந்தக் கடிதத்தைப் புறப்படும் முன்பே அனுப்ப வேண்டியது முதலாளியின் கடமை. அதில் உள்ள சம்பளத்தைத் தொழிலாளி எழுத்தில் சம்மதிக்காமல் குறைக்க முடியாது. ஆகவே அங்கே போய் இறங்கியதும் நீட்டப்படும் வேறு தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். வேலைக்கு ஆள் வைப்பதற்கு அரசு வாங்கும் லெவியை முதலாளிதான் கட்ட வேண்டும். அதைச் சம்பளத்தில் பிடிப்பது அங்கே குற்றம். வீடியோவில் சொன்ன எண்ணும் ஐபிஏயில் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லையென்றால், ஏஜென்டுக்கு மிச்சப் பணத்தைக் கட்டாமல் முதலில் விளக்கம் கேளுங்கள்.